சலைன் பாட்டில் முதல் கிண்ணம் வரை: ஆபரேஷன் தியேட்டரின் கடைசி ஒரு சாண்

சொம்பைத் தூக்கி, அண்ணாந்து தண்ணி குடிக்கத் தெரியாத ஆள் நம்ம பக்கத்து கிராமங்கள்ல ரொம்பக் கம்மி. உதடு சொம்புல பட்டா எச்சில். அந்தச் சொம்புல மிச்சம் இருக்கிற தண்ணியும் எச்சில். காஞ்சிபுரம் கோயில்ல தீர்த்தம் வாங்கியிருப்பீங்க. உத்தரணி நம்ம உள்ளங்கையில படாம, கொஞ்சம் மேலேயே நிறுத்தி ஊத்துவாங்க. தண்ணி கீழே இறங்கலாம், பாத்திரம் தொடக் கூடாது. இந்த ரெண்டு பழக்கமும் புரிஞ்சவங்களுக்கு இந்தக் கட்டுரையில பாதி ஏற்கெனவே தெரியும்.

மீதிப் பாதிதான் கஷ்டம். ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது உள்ளே கழுவுவதற்கு சலைன் வேண்டும். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த, கிருமி நீக்கிய தண்ணீர், அவ்வளவுதான். அது பாட்டிலில் இருக்கிறது. பாட்டிலின் உள்பக்கம் சுத்தம், வெளிப்பக்கம் சுத்தம் இல்லை. குடோன், ஆட்டோ, ஸ்டோர் ரூம், அட்டைப்பெட்டி என்று எல்லா இடத்தையும் பார்த்து வந்த பாட்டில் அது. மேஜையில் இருக்கிற கிண்ணமோ ஆட்டோகிளேவில் வெந்து வந்தது. பாட்டிலைப் பிடிக்கிற சர்க்குலேட்டிங் நர்ஸின் கை ஸ்டெரைல் இல்லை. கிண்ணத்தைப் பிடிக்கிற ஸ்க்ரப் நர்ஸின் கை ஸ்டெரைல். தொடக் கூடாத இரண்டு உலகத்துக்கு நடுவில் ஒரு லிட்டர் தண்ணீர் கைமாற வேண்டும். தூரம் சுமார் ஒரு சாண்.

இதில் என்ன இன்ஜினியரிங் இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் இரண்டாம் வருஷம் படித்ததெல்லாம் இங்கேதான் உயிரோடு இருக்கிறது என்பேன்.

முதலில் 'ஸ்டெரைல்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 'கிருமியே இல்லை' என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் அதை நிகழ்தகவாகச் சொல்கிறார்கள். 10 லட்சம் பாட்டில்களில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமி இருக்க வாய்ப்பில்லை என்ற அளவுக்கு வேகவைத்தால் அது ஸ்டெரைல். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிஷம் என்பது நாம் அடிக்கடி கேட்கும் கணக்கு. தொழிற்சாலை இவ்வளவு பாடுபட்டு 10 லட்சத்தில் ஒன்று என்று கொண்டுவந்து கொடுக்கிறது. கடைசி ஒரு சாணில் பாட்டில் விளிம்பு கிண்ணத்தில் இடித்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சரி, ஊற்றலாம்.

மூடியைத் திறந்ததும் முதல் எதிரி உயரம். டீக்கடையில் மாஸ்டர் டீ ஆத்துவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு உயரமாகத் தூக்குகிறாரோ அவ்வளவு நுரை. அதில் அவர் செய்வது வேண்டுமென்றே காற்றைக் கலப்பது. தியேட்டரில் நமக்கு வேண்டியது நேர் எதிர். 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கிண்ணத்தை நொடிக்கு சுமார் 1.4 மீட்டர் வேகத்தில் தொடும். 40 சென்டிமீட்டரிலிருந்து விழுந்தால் 2.8 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு. அந்த ஆற்றல் எங்கே போகும்? தெறிக்கும். அதற்காக ரொம்பக் கீழே இறக்கினால் பாட்டில் விளிம்பு கிண்ணத்தில் பட்டுவிடும், இல்லை ஊற்றுபவரின் கை ஸ்டெரைல் துணிக்கு மேலே நீண்டுவிடும். அதனால்தான் ஸ்க்ரப் நர்ஸ் கிண்ணத்தை மேஜையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறார், அல்லது கையில் பிடித்து நீட்டுகிறார். ஊற்றுபவரின் கை மேஜைக்கு வெளியிலேயே நிற்கும், தண்ணீர் மட்டும் எல்லை தாண்டும்.

தெறித்தால் என்ன, தண்ணீர்தானே என்று தோன்றும். மேஜையின் மேல் விரித்திருப்பது துணி என்பதை மறந்துவிடக் கூடாது. நெசவு ஊரில் இருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வேட்டி நுனி ஈரத் தரையில் பட்டால் ஈரம் எவ்வளவு தூரம் ஏறுகிறது? நூலுக்கு நூல் நடுவில் இருக்கிற சந்துகள் எல்லாம் நுண்குழாய்கள். காய்ந்த பருத்தித் துணி கிருமிக்கு ஓரளவு தடுப்பு. நனைந்த துணி கிருமிக்குப் போட்ட பாலம். துணிக்கு மேலே ஸ்டெரைல், கீழே இருக்கிற மேஜைப் பலகை ஸ்டெரைல் இல்லை. ஈரம் இரண்டையும் இணைத்த அந்த நிமிஷமே மேல்பக்கமும் போச்சு. 'ஸ்ட்ரைக் த்ரூ' என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. தண்ணீர் ஊடுருவாத ட்ரேப்புகள் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் பருத்தித் துணியைத் துவைத்து, ஆட்டோகிளேவ் செய்து, திரும்பப் பயன்படுத்தும் தியேட்டர்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. அங்கே ஒரு கரண்டித் தண்ணீர் தெறித்தாலும் கணக்குதான்.

இரண்டாவது எதிரி மெதுவாக ஊற்றுவது! ஆமாம், மெதுவாக ஊற்றினாலும் பிரச்சினைதான். பால் பாத்திரத்திலிருந்து டம்ளருக்கு மெல்லச் சாய்த்தால் பால் டம்ளரில் விழாமல் பாத்திரத்தின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒழுகும் இல்லையா, அதுதான். 1956-இல் மார்க்கஸ் ரைனர் என்ற ஆய்வாளர் இதற்கு 'டீபாட் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார். ஓட்டம் வேகமாக இருந்தால் தண்ணீரின் உந்தம் அதை விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். ஓட்டம் குறைந்தால் விளிம்பை நனைக்கும் ஒட்டுவிசை ஜெயித்துவிடும். நம்ம சமையலறையில் துடைத்துவிட்டுப் போகலாம். இங்கே அப்படி முடியாது. பாட்டிலின் வெளிப்பக்கத்தில் ஓடி, அங்கிருக்கும் தூசியையும் கைரேகையையும் கழுவிக்கொண்டு, அதே துளி கிண்ணத்தில் சொட்டும். ஊற்றி முடித்து நிமிர்த்தும்போதுதான் இது அதிகம் நடக்கும். ஏனென்றால் அப்போதுதான் ஓட்டம் குறைகிறது. நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றக் கூடாது என்று நர்ஸிங் பாடத்தில் சொல்வதன் பின்னால் இருக்கிற இயற்பியல் இது. ஒரே சீராக, ஒரே தடவையில், முழுசாக.

சீராக என்றால் 'குளுக் குளுக்' என்று வரக்கூடாது. குறுகிய கழுத்துள்ள பாட்டிலை முழுக்கக் கவிழ்த்தால் தண்ணீர் வெளியே வர, காற்று உள்ளே போக, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர், ஒரு குமிழி, கொஞ்சம் தண்ணீர். ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு தெறிப்பு. மெக்கானிக்கல் பசங்களுக்கு இதற்கு விடை தெரியும். இன்ஜின் ஆயில் கேனின் வாய் ஓரமாக இருக்கும். வாய் மேல்பக்கம் வருகிற மாதிரிப் பிடித்து ஊற்றினால் கழுத்தின் மேல்பாதியில் காற்று போக வழி இருக்கும், எண்ணெய் பட்டுநூல் மாதிரி இறங்கும். சலைனுக்கும் அதே வித்தைதான். சாய்வு சரியாக இருந்தால் சத்தமே வராது.

மிச்சம் இருந்தால்? கொட்டிவிட வேண்டும். இதில்தான் எல்லோருக்கும் மனசு வராது. முக்கால் பாட்டில் சுத்தமான சலைன், மூடியைத் திருப்பிப் போட்டு அடுத்த கேஸுக்கு வைத்துக்கொண்டால் என்ன? திறந்த பாட்டிலின் விளிம்பும் மூடியின் உள்பக்கமும் அறைக் காற்றையும் விரலையும் பார்த்தாகிவிட்டது. திருப்பி மூடினால் அந்த விளிம்பில் ஒட்டியது உள்ளே போகிறது. எச்சில் சொம்பு கதைதான். சூடோமோனாஸ் மாதிரி சில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சாப்பாடே தேவையில்லை, வெறும் தண்ணீரிலேயே பெருகும். காலையில் பத்து என்றால் மாலையில் எத்தனை என்று கணக்குப் போடுவது உங்கள் வேலை.

மூடி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1970-71-இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஒரே மாதிரி ரத்தத் தொற்று வரத் தொடங்கியது. தேடிப் போனால், எல்லோருக்கும் ஏறியது அபாட் நிறுவனத்தின் குளுக்கோஸ், சலைன் பாட்டில்கள். 25 மருத்துவமனைகளில் 378 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். பாட்டிலுக்குள் இருந்த திரவத்தில் தப்பில்லை. திருகு மூடியின் உள்ளே வைக்கிற லைனர் பொருளை நிறுவனம் மாற்றியிருந்தது. புது லைனரில் கிருமி தங்கியது. மூடியைத் திறந்து மூடுகிற அசைவில் அது திரவத்துக்குள் இறங்கியது. 1971 மார்ச்சில் பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு சின்ன மெட்டீரியல் மாற்றம்! மெட்டீரியல் சயின்ஸ் வகுப்பில் தூங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது நம்ம ஊர் நிலைமை. இங்கே அதிகம் பார்ப்பது கண்ணாடிப் பாட்டில் அல்ல. பிளாஸ்டிக்கை ஊதி, நிரப்பி, அடைத்து ஒரே மெஷினில் வருகிற அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில். அதன் தலை ஐ.வி. செட் குத்துவதற்காகச் செய்தது, ஊற்றுவதற்காக அல்ல. திருகு மூடியே கிடையாது. அப்புறம் எப்படிக் கிண்ணத்தில் ஊற்றுவது? பல இடங்களில் கத்தரிக்கோலோ பிளேடோ எடுத்துத் தலையை நறுக்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓ.டி. ஸ்டாஃப் அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"வெட்டாம எப்படிடா தம்பி ஊத்தறது? ஊசியால குத்திப் பீச்சினா ஒரு லிட்டருக்கு பத்து நிமிஷம் ஆகும். டாக்டர் கத்துவாரு," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெட்டுற கத்தரி ஸ்டெரைலா இருக்கணும், வெட்டுற இடத்தை முதல்ல ஸ்பிரிட்ல துடைக்கணும். அவசரத்துல ரெண்டுல ஒண்ணு விட்டுப்போகும்," என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் குறை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை. வெட்டிய விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும், நாம் மேலே பார்த்த ஒழுகலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. துண்டான பிளாஸ்டிக் துணுக்கு கிண்ணத்தில் விழலாம். கத்தரியின் கிருமி நேராக உள்ளே. ஆனால் இது அக்காவின் பிரச்சினை இல்லை, பாட்டிலை வடிவமைத்தவரின் பிரச்சினை. ஊற்றுவதற்கென்றே திருகு மூடியோடு வருகிற இரிகேஷன் பாட்டில்கள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. வாங்கும் இடத்தில்தான் வித்தியாசம்.

இன்னொரு வழி டிகேன்டர். சின்ன சாதனம். ஒரு முனையில் கூர்மையான ஸ்பைக், மறு முனையில் குட்டிக் குழாய். முழுக்க ஸ்டெரைல் கவரில் தனியாக வரும். சர்க்குலேட்டிங் நர்ஸ் ஸ்பைக்கைப் பையின் வாயில் குத்திப் பையைக் கவிழ்ப்பார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற குழாய் யார் கையும் படாதது. பை மெல்லியதாக இருந்தால் தண்ணீர் இறங்க இறங்கத் தானே சுருங்கிவிடும், காற்று உள்ளே போகத் தேவையே இல்லை. குளுக் சத்தமும் இல்லை. கெட்டியான பாட்டில் என்றால் காற்று போக வழி வேண்டும். அதற்கு நல்ல ஸ்பைக்குகளில் 0.2 மைக்ரான் வடிகட்டி வைத்த துவாரம் இருக்கும். காற்று போகும், பாக்டீரியா போகாது, வடிகட்டி தண்ணீரை ஒட்டவிடாத பொருள் என்பதால் சலைனும் வெளியே கசியாது. நம்ம வார்டுகளில் பாட்டிலின் அடியில் ஒரு ஊசியைக் குத்திக் காற்று விடுகிற பழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். வேலை அதே வேலைதான், வடிகட்டி மட்டும் இல்லை. அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, மெக்சிகோ நாட்டு மருத்துவமனைகளில் காற்று போகிற பாட்டிலிலிருந்து தானே சுருங்குகிற பைக்கு மாறியதும் நரம்புக் குழாய் வழி வரும் ரத்தத் தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததாக 2011-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அது ட்ரிப்ஸ் பற்றியது, மேஜைக் கிண்ணம் பற்றியது அல்ல. ஆனால் காற்று எந்த வழியில் போனாலும் காற்றுதான்.

கண் ஆபரேஷனில் இது இன்னும் நெருக்கமான விஷயம். கண்ணின் முன் அறையின் கொள்ளளவு கால் மில்லிலிட்டர்தான். கண்புரை எடுக்கும்போது மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து ரிங்கர் லாக்டேட் அல்லது பி.எஸ்.எஸ். திரவம் அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டில் கண்ணுக்கு 60 சென்டிமீட்டர் மேலே இருந்தால் உள்ளே அழுத்தம் சுமார் 44 மில்லிமீட்டர் பாதரசம். நம்ம பழைய ரோ-ஜி-ஹெச் சமன்பாடுதான். அந்தத் திரவத்தில் கிருமி இருந்தால் கண் முழுக்க அதிலேயே குளித்த மாதிரி. 2008-இல் விழுப்புரம் மாவட்டத்துக் கிராம மக்கள் இலவச முகாம் மூலம் கண்புரை அறுவை செய்துகொண்டு, 66 பேர் பார்வை இழந்த செய்தி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே எது காரணம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரே முகாமில் இத்தனை பேருக்கு என்றால் விசாரிப்பவர்கள் முதலில் தேடுவது எல்லோருக்கும் பொதுவாகப் போன ஒன்றைத்தான்: கழுவும் திரவம், மருந்துக் குப்பி, கருவி, தியேட்டர்.

அதே தமிழ்நாட்டில் மறுபக்கமும் உண்டு. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 6 லட்சத்துக்கும் அதிகமான கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டது. அறுவையின் கடைசியில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தினால், கண்ணுக்குள் வரும் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைகிறது. டாக்டர்களுக்கு இது மருந்துச் செய்தி. எனக்கு இது பேக்கேஜிங் செய்தியும்கூட. ஐரோப்பாவில் இதே வேலைக்குப் பயன்பட்ட செஃபுராக்ஸைம் பொடியாக வரும். தியேட்டரிலேயே கரைத்து, திரும்ப நீர்க்கவைக்க வேண்டும். அந்தக் கணக்கு தப்பி, பல மடங்கு மருந்து கண்ணுக்குள் போன கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மதுரை ஆரோலேப் செய்வது ஒரே தடவைக்கான, கலக்கத் தேவையில்லாத, ரெடியான குப்பி. கலக்குகிற வேலை மேஜையிலிருந்து தொழிற்சாலைக்கு மாறிவிட்டது.

இதுவரை பேசியதெல்லாம் கிருமி. கிருமியே இல்லாமல், எல்லாமே சுத்தமாக இருந்தும், உயிர் போன கதை ஒன்று இருக்கிறது.

2004 நவம்பர், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை. மேரி மெக்ளின்டன் என்ற 69 வயதுப் பெண்ணுக்கு மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு சிகிச்சை. மேஜையில் மூன்று கிண்ணங்கள். ஒன்றில் சலைன், ஒன்றில் எக்ஸ்ரேக்கான கான்ட்ராஸ்ட் மருந்து, ஒன்றில் தோலைத் துடைக்கிற குளோர்ஹெக்ஸிடின். மூன்றும் தண்ணீர் மாதிரி நிறமில்லாதவை. கிண்ணங்களில் பெயர் எழுதவில்லை. முன்பு அங்கே பயன்படுத்தியது பழுப்பு நிற அயோடின் கரைசல், பார்த்தாலே தெரியும். அதை மாற்றி நிறமில்லாத கரைசல் கொண்டுவந்திருந்தார்கள். கான்ட்ராஸ்ட் என்று நினைத்து குளோர்ஹெக்ஸிடினை ரத்தக்குழாயில் செலுத்திவிட்டார்கள். நவம்பர் 23-ஆம் தேதி அவர் இறந்தார். மருத்துவமனை மறைக்காமல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இன்று அங்கே நோயாளிப் பாதுகாப்புக்கான விருது அவர் பெயரில்தான்.

2010-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இதே கதை. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு முதுகுத்தண்டில் போட வேண்டிய சலைனுக்குப் பதிலாக அதே குளோர்ஹெக்ஸிடின். அதுவும் பெயர் எழுதாத திறந்த கிண்ணத்திலிருந்து எடுத்தது.

பாட்டிலில் இருக்கும் வரை திரவத்துக்குப் பெயர் உண்டு. கிண்ணத்தில் விழுந்த நொடியில் பெயர் போய்விடுகிறது. அதனால் ஊற்றுவதற்கு முன்பே பாட்டிலின் லேபிளை ஸ்க்ரப் நர்ஸுக்குக் காட்டி, பெயர், செறிவு, காலாவதித் தேதி மூன்றையும் இருவரும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு திரவம் ஊற்றி, அந்தக் கிண்ணத்துக்கு ஸ்டெரைல் லேபிள் ஒட்டிய பிறகுதான் அடுத்த பாட்டிலைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்பது ஆகாது. பெயரில்லாமல் ஒரு கிண்ணம் மேஜையில் கிடந்தால் அது என்ன என்று ஊகிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். டிஸ்டில்ட் வாட்டரும் சலைனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் டிஸ்டில்ட் வாட்டர் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி வெடிக்கும்.

இதற்கும் மேலே போய், தப்பு செய்யவே முடியாத மாதிரி வடிவமைப்பதுதான் நம் ஆட்களின் வேலை. ஜப்பான்காரர்கள் போக்கா-யோக்கே என்பார்கள். குளோர்ஹெக்ஸிடினுக்குச் சாயம் சேர்ப்பது ஒன்று. அதைக் கிண்ணத்தில் ஊற்றவே ஊற்றாமல் பஞ்சுக்குச்சியிலேயே நனைத்து சீல் செய்து கொடுத்துவிடுவது இன்னும் மேல். முதுகுத்தண்டு ஊசிக்கான இணைப்பு, கையில் ஏற்றும் ட்ரிப்ஸ் சிரிஞ்சோடு பொருந்தவே கூடாது என்று 2016-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 80369-6 தரநிலை சொல்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு ஓட்டை சாக்கெட்டில் சொருக முடியாத மாதிரி.

இன்னொரு சின்ன கணக்கு, பலர் கவனிக்காதது. எவ்வளவு சலைன் ஊற்றினோம் என்பதைச் சுவரில் இருக்கும் போர்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். சக்ஷன் ஜாடியில் 1,500 மில்லி இருக்கிறது, உள்ளே ஊற்றியது 1,000 என்றால் ரத்த இழப்பு சுமார் 500. ஊற்றியதை எழுதாமல் விட்டால் மயக்க மருந்து டாக்டர் ரத்தம் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற எண் தப்பாகிவிடும்.

ஏனாத்தூரில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இன்ஜினியரிங் வகுப்பும் மெடிக்கல் காலேஜும் ஒரே ஊரில். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு இன்னொரு லைன் ஃபாலோயர் ரோபோ செய்யப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஐ.வி. செட் குத்துகிற சாதாரண அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பொருந்தும் ஒரு ஊற்று மூக்கு. ஒரே துண்டு, பாலிபுரொப்பிலீனில் மோல்டு செய்யக்கூடியது. ஆட்டோகிளேவின் 121 டிகிரியைத் தாங்க வேண்டும் என்பதால் பி.எல்.ஏ.வில் 3டி பிரின்ட் செய்த மாதிரி தியேட்டருக்குப் போகாது, வடிவத்தைச் சோதிக்க மட்டும் உதவும். மூக்கின் நுனி மெல்லிசாகவும் கூராகவும் இருந்தால் ஒழுகல் குறையும். காற்று போக இரண்டாவது பாதை, அதில் வடிகட்டி. அரை லிட்டரை 20 நொடிக்குள் இறக்க வேண்டும், இல்லையென்றால் அக்கா திரும்பவும் கத்தரியைத்தான் எடுப்பார். 20 நொடி என்றால் நொடிக்கு 25 மில்லி. 8 மில்லிமீட்டர் உள்விட்டம் வைத்தால் ஓட்டம் நொடிக்கு சுமார் அரை மீட்டர். பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டமே இந்த வேகத்துக்குப் போதுமா, வடிகட்டியின் எதிர்ப்பு அதில் எவ்வளவு சாப்பிடும் என்பதை முதலில் சாயத் தண்ணீரும் வெள்ளைத் துணியும் வைத்துப் பார்த்துவிடலாம். துணியில் விழுகிற புள்ளிகளை எண்ணினால் தெறிப்புக்கும் ஒரு எண் கிடைத்துவிடும்.